பன்னிரண்டு வோல்ட்

ஏழாவது தடவையும் அது அப்படியேதான் அணைந்தது. வெடிக்கவில்லை, புகையவில்லை, கருகின வாடைகூட இல்லை. திரையில் சாத்தூர்க்காரர் ஒருவர் இனிமேல்தான் கட்டப்போகிற வீட்டின் முன்ஹால் தெரிந்துகொண்டிருந்தது, சோபா, மாடிப்படி, ஆள் இல்லாத ஊஞ்சல். பூவலிங்கம் மகள் காட்டிக்கொடுத்திருந்த ஆரஞ்சு நிறப் பொத்தானை அமுக்கிவிட்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, பெட்டிக்குள் விசிறிகள் மூச்சைக் கூட்டிக்கொண்டு இரைந்தன, ஆறு, ஏழு, இந்த வாட்டி தாண்டிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டார், எட்டு, ஒன்பது, டக். வீடு போயிற்று, ஊஞ்சல் போயிற்று, கறுத்த கண்ணாடியில் வழுக்கைத் தலையோடு அவர் முகம் மட்டும் மிச்சம். இரண்டு வினாடி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி அது தானாக மறுபடி முழித்துக்கொண்டது. நியாயமாக அவருக்கு எரிச்சல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவிலேயே ஏன்? ஒரு தடவைகூட மூன்றில் அணையவில்லை, ஒரு தடவைகூட இருபதைத் தொடவில்லை. கண்ட நேரத்தில் அணைகிற சாமானை அவருக்குப் பிடிக்காது. இது கணக்கு வைத்துக்கொண்டு அணைகிறது. அறுபத்திரண்டு வயசில், சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்க்கவேண்டிய மதிய நேரத்தில், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது அவருக்கு உள்ளூர இனித்தது. ஓய்வு பெற்று இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு நல்ல கோளாறு அவர் கைக்கு வரவே இல்லை.

கம்ப்யூட்டர் ஆதிரையுடையது. கட்டப்போகிற வீட்டுக்குள் முன்கூட்டியே நடந்து பார்க்கிற மாதிரி படம் பண்ணித் தருவது அவள் தொழில், வீட்டிலிருந்தே. சாத்தூர் வீட்டின் படம் நாளைக் காலையில் போயாகவேண்டும். அவள் இன்றைக்குத் திருநெல்வேலியில் ஒரு இன்ஜினியரைப் பார்க்கப் போயிருக்கிறாள், ஐந்து மணிக்கு மேல் வருவாள். நேற்று அவள் பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றபோது இவருக்குச் சுருக்கென்றது. "கரண்டு சம்பந்தப்பட்ட எதுவும் இந்த வீட்டு நடையைத் தாண்டிப் போகாது தாயி," என்று சொல்லிவிட்டார். முப்பத்துநாலு வருஷம் கரண்ட் ஆபீசில் கிடந்தவர், அதில் கடைசிப் பதினாறு வருஷம் லைன் இன்ஸ்பெக்டர். வேறு எப்படிச் சொல்லுவார்? சொன்னபடியே இன்று காலையிலிருந்து வெளியிலிருந்து உள்ளே வந்தார், அதுதான் முறை. கம்பத்தைப் பார்த்தார். சர்வீஸ் வயரைப் பார்த்தார். வீட்டு மீட்டர், அப்புறம் சுவர் பிளக். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட், நிறை குடமாக நின்றது. எர்த் சரி. நடுவிலிருந்த யூ.பி.எஸ்.மேல் சந்தேகம் வந்து அதைக் கழற்றி வைத்துவிட்டு நேராகச் சுவரில் சொருகினார். ஒன்பதில் டக். அடுப்படியிலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "என்னங்க, தண்ணிக்காரன் கேனை நடையில வச்சிட்டுப் போய்ட்டான். கொஞ்சம் தூக்கி ஸ்டாண்டுல கவுத்திட்டுப் போங்களேன்." "வாறேன், வாறேன்." இருபது லிட்டர் கேன். செவ்வாய்க்கிழமை தூக்கினார். தூக்கிக் கவிழ்த்துவிட்டு, கைலி அவிழ்ந்தது போலக் குனிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், செண்பகம் பார்க்கவில்லை. இன்றைக்கும் தூக்கவேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கலாம். முதலில் இது.

வோல்ட் அளக்கிற கைமீட்டரை எடுக்கும்போதெல்லாம் அந்தச் சீட்டு கண்ணில் படுகிறது. பழைய தோல் உறை, ஆபீசில் கொடுத்தது இல்லை, சொந்தக் காசில் வாங்கியது, மூடியின் பின்பக்கம் ஒரு மடிப்பு இருக்கும், அதில் நாலாக மடித்து வைத்திருக்கிறார். இந்த வீட்டில் வேறு யாரும் கைவைக்காத ஒரே இடம் இதுதான் என்று யோசித்து வைத்தது. இப்போது என்னவென்றால் அவர் ஒருவர்தான் நாளெல்லாம் அதைத் திறந்து திறந்து மூடவேண்டியிருக்கிறது. நல்ல ஒளித்துவைப்பு. கழுகுமலையில் சிலைகளைப் பார்க்கப் படி ஏறும்போது ஆரம்பித்தது, போன மாசத்துக்கு முந்தின மாசம். இடது தாடைக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குகிற மாதிரி. பல் வலியோ என்று நினைத்தார். அப்புறம் நெஞ்சில் ஒரு பாரம், முழங்கைவரை ஒரு இழுப்பு. பாறையை ஆராய்கிற மாதிரி ஒரு ஓரமாக நின்றுகொண்டார், செண்பகத்தின் தங்கச்சிகூட, "மச்சான் கல்லைப் பாத்தாக்கூட ஏதோ கண்டுபிடிப்பாக," என்று கேலி பண்ணினாள். இரண்டு நிமிஷம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிட்டது, மேலே ஏறி எல்லாச் சிலையையும் பார்த்தார், இறங்கி வந்து மூன்று தோசை சாப்பிட்டார். பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஒருநாள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார். ஆதிரையைவிட நாலைந்து வயசுதான் மூத்திருக்கும். படுக்கவைத்து, நெஞ்சில் ஈரத்தைத் தடவி, கிளிப்பெல்லாம் மாட்டி, நீளமாக ஒரு படம் எடுத்தாள். அவர் அந்தக் கிளிப்புகளின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் என்று. "ஈசிஜி நார்மலா இருக்கு சார், ஆனா..." என்றாள். நார்மல். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆனாவுக்குப் பிறகு அவள் ஏதோ சொன்னாள், எழுதிக் கொடுத்தாள், வெளியே இருந்த நர்சம்மா அதன் கீழே எந்தக் கிழமை, எத்தனை மணி, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது என்று எழுதிச் சேர்த்தாள். இன்றோடு இருபத்தோரு நாள். எண்ணக்கூடாது என்று நினைத்தவருக்கு எண்ணிக்கை மட்டும் பிசகாமல் தெரிகிறது.

சரி, பெட்டியைத் திறப்போம். நாலு திருகு. திறப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கினார், பிடுங்கிய பிறகும் புறங்கையால்தான் தகரத்தைத் தொட்டார். உள்ளங்கையால் தொட்டால், கரண்டு இருந்தால், விரல் தானாக மூடிக்கொண்டு பிடியை விடாது. கம்பத்தில் ஏறினவன் எவனும் அந்தப் பழக்கத்தை விடமாட்டான், அவர் சூடான இட்லிச் சட்டியைக்கூடப் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். உள்ளே தூசி பஞ்சு பஞ்சாக. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினார். சூடாகி அணைகிறதோ என்று ஒரு எண்ணம் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. சூடேற ஒன்பது வினாடி போதாது. பொங்கல் பானைக்கே அரைமணி நேரம் வேண்டும். மேல் மூலையில் சின்னத் தகரப் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ். என்று ஆதிரை சொல்லுவாள். அதிலிருந்து கொத்தாக வயர்கள், மஞ்சள், சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு. எதை எங்கே பிடுங்கினோம் என்று மறந்துவிடக்கூடாது என்பதற்காக டேப் சுற்றி அடையாளம் வைத்தார், கம்பத்தில் மூன்று ஃபேஸுக்கு வைக்கிற ஆர்.ஒய்.பி. கணக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றோடு டேப்பின் நிறம் தீர்ந்துபோயிற்று, வயரோ எட்டு. மற்ற ஐந்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இந்தத் தகரப் பெட்டியை அவருக்கு உடனே பிடித்துப்போனது. சுவரிலிருந்து இருநூற்றுச் சொச்சத்தை வாங்கி, பன்னிரண்டு, ஐந்து, மூன்றேகால் என்று பிரித்து யார் யாருக்கு எவ்வளவோ அவ்வளவு அனுப்புகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் பார்க்கிற வேலை, ஒரு சாண் அகலத்தில். அட, நீ நம்ம ஆளா, என்று வாய்விட்டே சொன்னார்.

மதர்போர்டு இல்லாமல் அதைத் தனியாக முழிக்கவைக்கப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்க்கவேண்டும், இதை செல்போனில் ஒரு பையன் ஹிந்தியில் விளக்கினான், பாஷை தெரியாவிட்டாலும் கை தெரிந்தது. அவன் பேப்பர் கிளிப் வைத்தான். இவர் மேஜை டிராயரில் கிடந்த ஃபியூஸ் கம்பியில் ஒரு துண்டை வளைத்துச் சொருகினார். விசிறி சுற்றியது. மஞ்சளில் முனையை வைத்தார், பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்பது. சிவப்பு, ஐந்து புள்ளி பூஜ்யம் நாலு. ஆரஞ்சு, மூன்று புள்ளி மூன்று. பரீட்சையில் நூற்றுக்கு நூறு. வாழ்நாள் பூராவும் நோட்டில் எழுதி எழுதி விரலுக்குப் பழகிப்போன இரண்டு வார்த்தை தானாக மேலே வந்தது: சப்ளை சரி. ஆதிரைக்குப் போன் போட்டார். "தாயி, பெட்டியை அளந்து பாத்துட்டேன். எல்லாம் நூலு பிடிச்ச மாதிரி இருக்கு. சப்ளை சரி." பின்னால் பஸ் ஹாரன், யாரோ டிக்கெட் டிக்கெட் என்கிறார்கள். "அப்ப ஏம்ப்பா ஆஃப் ஆகுது?" "அதான் பாக்கணும். உங்க சாப்ட்வேருல ஏதாவது இருக்கும்." "சாப்ட்வேர் எல்லாம் ஒண்ணுமில்லப்பா. மெயில் பாக்கலாம், பாட்டு கேக்கலாம், நாள் பூரா வரையலாம். ரெண்டர் குடுக்கும்போது, அந்த ஆரஞ்சுப் பொத்தானை அமுக்கும்போது மட்டுந்தான். படம் வேகமா வரட்டும்னு அந்தப் புது கிராபிக்ஸ் கார்டு மாட்டின பெறகுதான்." அடுத்து அவளே கேட்டாள். "நீங்க அது சும்மா இருக்கும்போதுதானப்பா அளந்தீங்க?" "சும்மான்னா?" "வேலை குடுக்காம." "ம்." "வேலை செய்யும்போது அளக்க முடியாதாப்பா?" முடியாதா என்ன, என்று சொல்லி வைத்துவிட்டார். போனைக் கீழே வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

சாயங்காலம் வாங்க சார். யார் சொன்னது? ஆதிரை அப்படிச் சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு, அவள் குரல் வேறு. ஆனால் அந்த வாக்கியம் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, அதோடு கூடவே அரைத்த மாவின் புளிப்பு வாடையும். சண்முகத்தாய். தெருவின் கடைசி வீடு, அதற்கு அப்புறம் கருவேலங்காடு, டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி இழுத்து இழுத்து இளைத்துப்போன இடம். மாவு அரைத்து விற்கிற பொம்பளை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிரைண்டர் சுற்றமாட்டேன் என்கிறது, முனகிக்கொண்டு நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். இவர் போனார். காலை பதினோரு மணி, ஊரே வேலைக்குப் போயிருக்கிற நேரம், ஒரு வீட்டிலும் விளக்கு எரியாது. அவள் வீட்டுப் பிளக்கில் முனையைச் சொருகினார், இருநூற்று முப்பது. அவளுக்குத் தெரிகிற மாதிரி மீட்டரைத் திருப்பிக் காட்டினார். "பாத்துக்கம்மா. எங்க சப்ளை சரி. உன் கிரைண்டரைப் பாரு." "இப்ப சரியாத்தான் சார் இருக்கும். சாயங்காலம் வாங்க." இரண்டாவது மனுவுக்கும் பதினோரு மணிக்குத்தான் போனார், அந்தப் பக்கம் வேறு ஒரு வேலை இருந்தது, அதோடு சேர்த்து. அப்போதும் இருநூற்று முப்பது. மூன்றாவதுக்கும். சாயங்காலம் போயிருக்கலாம். ஐந்தரைக்கு ஆபீஸ் முடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு மிதி மிதித்தால் பத்து நிமிஷம். ஏன் போகவில்லை? சோம்பலா? இல்லை, சோம்பல் என்று சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துபோகும். போனால் மீட்டர் நூற்று அறுபது காட்டும் என்று அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். காட்டினால் எழுதவேண்டும், எழுதினால் அந்த லைனுக்குப் புதுக் கம்பி இழுக்க எஸ்டிமேட் போடவேண்டும், மேலே போய் நிற்கவேண்டும். பதினோரு மணிக்குப் போனால் எதுவும் காட்டாது. அது பொய்யும் இல்லை. மீட்டர் காட்டினதைத்தான் எழுதினார். ஒருநாள் அவள் ஆபீசுக்கே வந்து, தினசரித் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அவர் மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். கிரைண்டர் மோட்டாரின் காயில், செப்புக் கம்பிச் சுருள், கரிக்கட்டையாகிப் போயிருந்தது. சத்தம் போடவில்லை. "சாயங்காலம் வாங்கன்னு சொன்னேம்லா சார்," என்றாள், அவ்வளவுதான், பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாலு நாள் அது அவர் மேஜையில் கிடந்தது. அவர்தான் எடுத்துப் போட்டார். இத்தனை வருஷம் கழித்து இந்த மதியத்தில் அந்தக் கருகின வாடையை மூக்கு தேடுகிறது. தப்புதான் பண்ணினேன், என்று அவருக்குத் தோன்றியது, வளைக்காமல் நெளிக்காமல் அப்படியே தோன்றியது, தோன்றியபோது முகம் சூடாகிவிட்டது.

"கேனு!" என்றது அடுப்படி. "அந்தா வந்துட்டேன்," என்றார் இவர், எழுந்திருக்காமல்.

எல்லா வயரையும் திரும்ப மாட்டினார், டேப் சுற்றினது மூன்று, போட்டோ பார்த்து ஐந்து. மாட்டும்போதுதான் தகரப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைக் கவனித்தார். இதுவரை எப்படிக் கவனிக்காமல் இருந்தார் என்று தெரியவில்லை. மேலே 450 என்று கொட்டை எழுத்தில், தங்கக் கலரில், ஜவுளிக்கடை போர்டு மாதிரி போட்டிருந்ததால் கண் அங்கேயே நின்றுவிட்டது போல. அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கட்டம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு தட்டும் அளவுக்குக் குனிந்து படித்தார். பன்னிரண்டு வோல்ட், பதினாலு ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் நூற்று அறுபத்தெட்டு. நானூற்று ஐம்பது எங்கே, நூற்று அறுபத்தெட்டு எங்கே? மிச்சத்தையெல்லாம் யாருக்கும் பெரிதாக வேண்டாத வோல்ட்டில் பிரித்துப் போட்டுக் கூட்டிக் காட்டியிருக்கிறான். அடப்பாவி. கட்டிலுக்கு அடியில் அந்தப் புது கார்டு வந்த அட்டைப்பெட்டி இருந்தது, ஆதிரை எந்த அட்டைப்பெட்டியையும் தூரப்போடமாட்டாள். இழுத்துப் பார்த்தார். கார்டு மட்டுமே பன்னிரண்டு வோல்ட்டில் நூற்று எழுபது வாட் தின்னும், சப்ளை ஐந்நூற்று ஐம்பதுக்குக் குறையக்கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. சும்மா இருக்கும்போது கார்டு பத்து வாட்கூடக் கேட்காமல் தூங்கும். ரெண்டர் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கும். அவருக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. கணக்கு சொல்லிவிட்டது, ஆனால் கணக்கு சொல்வது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. வேலை நடக்கும்போது பார்க்கவேண்டும். உபயோகப்படாமல் தொங்கின ஒரு முனையில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் மீட்டரின் இரண்டு ஊசியையும் சொருகி, கீழே விழாமல் மிச்சமிருந்த நீல டேப்பைச் சுற்றினார். மீட்டரைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்தினார். சாத்தூர் வீட்டைத் திறந்தார்.

பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் எட்டு. வீடு திறந்து முடிந்தது, பதினொன்று புள்ளி ஒன்பது. இதுவே ஒரு சேதிதான். ஆரஞ்சுப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். இப்போது அமுக்கினால் இது அணையும், அணையப்போவது தெரிந்தே அமுக்குகிறோம், அதனால் இதற்கு ஏதாவது ஆகிவிடுமோ? ஆகாது. அணைவது அதன் பாதுகாப்புக்கு. அணையாமல் இழுத்துக்கொண்டு நின்றால்தான் கருகும், சண்முகத்தாயின் காயில் மாதிரி. அமுக்கினார். ஒன்று, பதினொன்று புள்ளி ஏழு. இரண்டு, மூன்று, பதினொன்று புள்ளி ஐந்து, விசிறி மூச்சைப் பிடித்தது, ஐந்து, பதினொன்று புள்ளி மூன்று, பிடித்துக்கொண்டு நிற்கிறது பார், ஒரு எண் இறங்கி அரை எண் ஏறி மறுபடி இறங்குகிறது, ஏழு, பதினொன்று புள்ளி ஒன்று, அது தன்னால் முடிந்தமட்டும் பார்க்கிறது, யாரையும் ஏமாற்றவில்லை, எட்டு, பத்து புள்ளி ஒன்பது, பத்து புள்ளி ஏழு, டக். இருட்டு. அவர் கைதட்டப் பார்த்தார். கை பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த இருட்டுக் கண்ணாடியில் தெரிந்த முகத்தோடு அந்த டாக்டரம்மாவின் குரலும் வந்துவிட்டது, ஆனாவுக்குப் பிறகான மிச்சம் முழுக்க, ஒரு எழுத்து குறையாமல். ஆனா நீங்க படுத்திருக்கும்போது எடுத்தது சார் இது. உங்களுக்கு வலி வர்றது ஏறும்போது. ஏற வச்சுப் பாத்தாத்தான் தெரியும். எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. இருபத்தோரு நாளும் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. தன்னிடமே பதினோரு மணிக்குப் போய் அளந்துவிட்டு, சப்ளை சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பயமாக இருந்தது. தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார், புறங்கையால் இல்லை, விரலால், நாடி துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, சொன்னால் செண்பகம் அடிப்பாள், ஒரு ஆசையும் இருந்தது. டிரெட்மில் என்கிற ஓடும் பட்டைமேல் ஏற்றி ஓடவிடுவார்கள், பக்கத்தில் ஒரு திரை இருக்குமாம், கோடு ஓடுமாம். எத்தனையாவது நிமிஷத்தில் இறங்கும்? நேராக இறங்குமா, இதைப் போலப் பிடித்துப் பிடித்து இறங்குமா? ஓடுகிறவனுக்கு அந்தத் திரை தெரிகிற மாதிரி வைப்பார்களா?

ஆதிரைக்குப் போன் போட்டார். "கண்டுபிடிச்சாச்சு தாயி." "நெஜமாவாப்பா?" "பன்னெண்டு வோல்ட்டு லைன். வேலை குடுத்ததும் பத்தே முக்காலுக்கு இறங்கிருது. மேல நானூத்தம்பதுன்னு பெரிசா போட்டிருக்கான், உள்ள சரக்கு நூத்தறுபத்தெட்டுதான். உன் கார்டு ஒண்ணே அதைத் தின்னுரும்." "அப்ப அந்தப் பெட்டி கெட்டுப்போச்சா?" அவர் பதில் சொல்லுமுன் தகரப் பெட்டியைப் பார்த்தார். "கெட்டெல்லாம் போகல. அதுக்கு முடியல. அவ்வளவுதான். முடியலைன்னு அதுக்குச் சொல்லத் தெரியல, அணைஞ்சு காட்டுது." ஆதிரை சிரித்தாள். "சரிப்பா, நான் இங்கயே அறுநூத்தம்பதுல நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றேன். ராத்திரி ரெண்டர் போட்டுட்டாப் போதும். அப்பா, நீங்க பெரிய ஆளுதான்." பன்னிரண்டு வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று கட்டத்தைப் பார்த்து வாங்கு, மேலே போட்டிருக்கிற பெரிய நம்பரைப் பார்க்காதே என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

நடையில் கேன் நின்றுகொண்டிருந்தது. வெயில் அதன் வழியாக விழுந்து தரையில் வெளிச்சம் ஆடியது. குனிந்து கழுத்தைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ, இடுப்புவரை தூக்கி, தலைகீழாகக் கவிழ்க்கவேண்டும், மொத்தம் எத்தனை வினாடி, எட்டா, ஒன்பதா? செவ்வாய்க்கிழமை தூக்கி வைத்தாயிற்றே என்று ஒரு பக்கம் சொன்னது. தூக்கிவிட்டுச் சுவரைப் பிடித்ததை ஏன் விட்டுவிட்டாய் என்று இன்னொரு பக்கம் கேட்டது. கல்யாணம் ஆன முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் எதையும் தூக்க முடியாது என்று அவர் சொன்னதில்லை. அரிசி மூட்டை, பீரோ, மாமனாரின் கடைசிக் காலத்தில் அவரையே தூக்கியிருக்கிறார். கையை எடுத்தார். "தூக்கி வச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே செண்பகம் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "இல்ல." "ஏன்?" "எனக்கு முடியல செண்பகம்." அவள் கேனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கைய கிய்ய சுளுக்கிக்கிட்டீங்களா?" "கை இல்ல." உள்ளே போய் மீட்டர் உறையைத் திறந்து, மூடியின் மடிப்பிலிருந்து சீட்டை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தார். அவள் வெளிச்சத்துக்காக வாசல்பக்கம் திரும்பி நின்று படித்தாள், கீழே நர்சம்மா எழுதினதையும் சேர்த்து. அங்கன்வாடியில் இருபது வருஷம் பிள்ளைகளுக்கு எடை போட்டு எழுதினவள், எந்தச் சீட்டையும் கடைசி வரிவரை படிப்பாள். "இதுல தேதி போன மாசம்லா போட்டிருக்கு?" "ஆமா." "உசுரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அன்னைக்கா?" "ஆமா." அவள் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் நடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, "திங்கள், வியாழன், சாயங்காலம் நாலுல இருந்து ஏழுன்னு போட்டிருக்கு. இன்னைக்கு வியாழன். மணி மூணரை ஆயிட்டு, பஸ்ஸு வேற எப்ப வருமோ. பதட்டமா இருந்தா நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்குப் பெரியாஸ்பத்திரிக்கே போவோமா? காலைல நல்லாப் பாப்பாங்க," என்றாள்.

"காலைல வேண்டாம் செண்பகம். காலைல எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பூவலிங்கம் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். "சாயங்காலமே போவோம்."